எரியாத கட்சியும் தனி அடுப்படியும்

1

போன மாதம் எங்கள் கிராம சபையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் கிராமம் என்றதும் இலங்கையில் நான் பிறந்த தேயிலைத் தோட்டம், டயகம பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். இது இங்கிலாந்தில் ஒரு மூலை. ஒரு தேவாலயம், ஒரு சாராயக்கடை, ஒரு தபால் கந்தோர், நான் தாதியாக வேலை செய்யும் சின்ன ஆஸ்பத்திரி, நிறைய மழை. மழையில் மட்டும் எங்கள் தோட்டத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

"ஊர் விளையாட்டுத் திடலில் பன்னிரண்டு புதிய வீடுகள் கட்ட அனுமதிக்கலாமா, கூடாதா என்று தங்கள் கருத்தை அறிய விரும்புகிறோம். அன்புடன் கூட்டத்துக்கு வரவும்" என்று எழுதியிருந்தது. நான் அதை மூன்று தரம் படித்தேன். இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருடத்தில் என் பிறந்த தேதியைக் கேட்டிருக்கிறார்கள். நெஞ்சு எக்ஸ்ரே படம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் புலி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். கருத்தைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்து நகரத்தில் பஸ் டிப்போவில் வேலை. கடிதத்தைப் பார்த்துவிட்டு, "போறதெண்டால் போம். ஆனால் எழும்பி நிண்டு கதைக்காதேயும். கையை உயர்த்திப்போட்டுப் பேசாமல் வாரும்" என்றார். கை தூக்குவதைப் பற்றி அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரித்தேன் என்று அவருக்குச் சொல்ல ஒரு சாயங்காலம் முழுவதும் ஆயிற்று. உங்களுக்கு அதைக் கொஞ்சம் சுருக்கிச் சொல்கிறேன்.

2

முதலில் எங்களுக்கு வீடு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ரொட்டிக் கடைக்கு மேலே இரண்டு அறையில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். நான், கணவர், ஐந்து வயது மகள் ரதி. அடுப்படி கீழே, மூன்று குடித்தனத்துக்கும் பொது. எங்கள் முறை மாலை ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை. அந்த முக்கால் மணி நேரத்தில் சோறும் ஆகவேண்டும், குழம்பும் ஆகவேண்டும். கடுகு தாளித்தால் உடனே மற்ற இரண்டு வீட்டுக்காரிகளும் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வந்து ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். பனி உள்ளே வரும். நான் கம்பளிக் குல்லாயோடு ரசம் வைத்திருக்கிறேன்.

புது வீட்டுக்குப் பெயர் கொடுக்கக் கிராம சபைக் கந்தோருக்குப் போனேன். நான்கு பக்கப் படிவம். ஓர் அறையில் எத்தனை பேர் தூங்குகிறீர்கள் என்று ஒரு கேள்வி. மூன்று என்று எழுதினேன், இன்னோர் அறையில் பெட்டிகளும் மேசையும் இருப்பதால். அந்த எழுத்தர் பெண் அதைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூன்று பேரா! எப்படித் தாங்குகிறீர்கள்?" என்றாள். தோட்டத்தில், பன்னிரண்டு அறை ஒரே வரிசையாக ஒட்டிய எங்கள் லயத்தில், ஓர் அறையில் ஏழு பேர், அடுப்பு, இரண்டு கோழி என்று சொல்ல வாய் வரை வந்தது. அவளுக்கு மயக்கம் வந்தால் நான்தான் பார்க்கவேண்டி இருக்கும், நான் தாதி ஆயிற்றே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

"இந்த வீடுகள் வருமா என்பதே ஊர் ஒப்புக்கொண்டால்தான். கிரிக்கெட்காரர்கள் எதிர்க்கிறார்கள்" என்று அவள் சொன்னாள். நான் திடுக்கிட்டேன். இதே கதையை நான் ஏற்கனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

3

எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசனில், நாங்கள் இருந்த பகுதியில், தட்டையான நிலம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் சரிவு. குழந்தை கையிலிருந்து பந்து விழுந்தால் அதைக் கீழே தலவாக்கலை டவுனுக்குப் போய்த்தான் எடுக்கவேண்டும் என்பார்கள். அந்த ஒரே தட்டை நிலம் காமன் திடல்.

மாசி மாதத்தில் அங்கேதான் காமன் நடுவார்கள். கரும்பும் ஆமணக்குக் கொம்பும் வைக்கோலும் சேர்த்துக் கட்டிய கம்பம், அதுதான் மன்மதன். பதினைந்து நாள் ரதி வேஷமும் மதன் வேஷமும் கட்டி ஆடி, கடைசி நாளில் சிவன் நெற்றிக்கண்ணால் எரித்த கணக்கில் கம்பத்தைக் கொளுத்துவார்கள். கொளுத்தியபிறகுதான் வேடிக்கை. தப்புப் பறை அடிக்க இரண்டு பாட்டுக்காரர்கள் எதிரெதிரே நிற்பார்கள். காமன் எரிந்து சாம்பலாகிவிட்டான் என்று பாடுகிறவன் எரிந்த கட்சி. எரியவே இல்லை, ரதி கண்ணுக்கு மட்டும் இன்னும் தெரிகிறான் என்று பாடுகிறவன் எரியாத கட்சி. ஒருவன் பாட்டிலேயே கேள்வி போடுவான், மற்றவன் பாட்டிலேயே பதில் சொல்லவேண்டும். பதில் வராதவன் தோற்றான்.

என் அப்பா முத்துவேல் எரியாத கட்சி. அவருடைய மாமாவும் அதே கட்சி. தோட்டமே அவரை "எரியாத முத்து" என்றுதான் கூப்பிடும். எரிந்த கட்சி ராமையா மாமா. அவர் கல்யாணம் ஆகாதவர், நாலு ஆடு வைத்திருந்தார். ஆடு மேய்வதும் அந்தத் திடலில்தான்.

தோட்டத் தமிழர்கள் நாங்கள் ஓட்டுரிமையை இழந்து நாலைந்து வருடம் இருக்கும், எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது. அப்போது தோட்டத்தை நடத்த ஒரு புது வெள்ளைக்காரத் துரை வந்தார். இளவயசு. வந்த மூன்றாம் மாதமே, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரையும் நிறுத்தி ஒரு பெரிய காகிதத்தை விரித்தார். அதில் வீடு வரைந்திருந்தது. லயம் மாதிரி வரிசை இல்லை. ஜோடி ஜோடியாக ஆறு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் அறை, இன்னோர் அறை, பின்னால் ஒரு சதுரம்.

என் அம்மா பாக்கியம் கொழுந்துக் கூடையோடு முன்னே போய் அந்தச் சதுரத்தில் விரல் வைத்தாள். "இது என்னாங்கய்யா?"

தோட்டக் கந்தோரின் பெரிய கிளாக்கர் துரையிடம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது அடுப்படி. தனியா. கதவு இருக்கு, பொகபோக்கி இருக்கு."

அம்மா விரலை எடுக்கவே இல்லை. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, "தள்ளு, தள்ளு" என்ற பிறகுதான் நகர்ந்தாள். எங்கள் அறையில் அடுப்பு எரிந்தால் புகை போக வழி கிடையாது. காலையில் அம்மாவின் கண் எப்போதும் சிவந்துதான் இருக்கும். அழுதுகொண்டே இருக்கிறாள் என்று நான் சின்ன வயதில் வெகுநாள் நினைத்திருந்தேன்.

வீடு கட்டத் தட்டை நிலம் வேண்டும். காமன் திடல்தான் ஒரே இடம். ஆனால் அந்தத் துரை யாரோ சொல்லிக் கொடுத்தபடி, "உங்கள் சாமி இடம். நீங்கள் சரி என்றால் கட்டுகிறேன். வேண்டாம் என்றால் கீழ் டிவிசனுக்குக் கொடுத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசி முடிவு சொல்லுங்கள்" என்றார். வேலைக்கு வா, போ என்றுதான் அதுவரை எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். முடிவு சொல் என்று யாரும் சொன்னதில்லை.

4

கூடிப் பேசு என்றால் எப்படிப் பேசுவது? தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவருக்கும் தெரியவில்லை. ஆளாளுக்குக் கத்தினால் துரை முன்னால் மானம் போகும் என்று அவருக்குப் பயம். யோசித்துப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார்.

"நமக்குத்தான் ரெண்டு கட்சி இருக்கே! எரிஞ்ச கட்சி, வீடு வேணும்னு பாட்டுப் படிக்கட்டும். எரியாத கட்சி, திடல் அப்பிடியே இருக்கட்டும்னு படிக்கட்டும். ரெண்டு பக்க ஞாயமும் வெளிய வந்துரும். அப்பறம் கை தூக்குவோம்."

எல்லோருக்கும் அது பிரமாதமாகப் பட்டது. அப்பாவுக்கும் பட்டது. அம்மாவுக்கு மட்டும் சந்தேகம்.

"என்னாங்க, நமக்குத்தானே வீடு வேணும்? நீங்க எப்பிடி வேணாம்னு படிப்பீங்க?"

"அது கட்சி புள்ள. எனக்கு வேணுமா வேணாமாங்கிறது வேற. எங்க மாமா காலத்திலருந்து நாங்க எரியாத கட்சி. போயி எரிஞ்ச கட்சியில நிக்கச் சொல்றியா?"

"அப்ப தோத்துருங்க."

அப்பா அம்மாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பண்டிகை நாளில் தீட்டுப் பட்டவர் போல நின்றார். கடைசியில், "சரி, பாப்போம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திடலில் துரைக்கு நாற்காலி, பக்கத்தில் பெரிய கிளாக்கர் நின்றுகொண்டு ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் சொல்கிறார். ராமையா மாமா தப்பைத் தட்டி ஆரம்பித்தார்.

"மழை பேஞ்சா சட்டி வைப்போம் பத்து எடத்துல – நாங்க
மனுசன் படுக்க எடம் தேடுவோம் சட்டி நடுவுல!"

சிரிப்பு. கைதட்டல். ராமையா மாமாவுக்கு வீடே வேண்டாம். வீடு வந்தால் அவர் ஆடு எங்கே மேயும்? ஆனாலும் உயிரைக் கொடுத்துப் பாடினார். லயத்தில் ஒருவன் இருமினால் பன்னிரண்டு அறையும் விழித்துக்கொள்வதையும், மாமியார் காதில் விழாமல் புருஷனிடம் பேச ஒருத்தி கொழுந்து மலைக்குப் போகவேண்டி இருப்பதையும் பாடினார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா ஏனோதானோ என்று இரண்டு பாட்டுப் படித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பா தோற்கப் போகிறார், நமக்கு வீடு வரப் போகிறது.

அப்போது ராமையா மாமா ஒரு தப்புச் செய்தார். ஜோர் தாங்காமல், "எரியாத முத்துக்குத் தொண்டை எரிஞ்சு போச்சா?" என்று கேட்டுவிட்டார். கூட்டம் ஓவென்று சிரித்தது.

அப்பாவின் முகம் மாறியது. தலைப்பாகையை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

"காமன் நின்ன திடலு மேல வீடு கட்டினா – நாம
காமன எங்க நட்டு வச்சுக் கொளுத்தப் போறோம்?
கூரை மேல கொம்பு நட்டுத் தீய வச்சாக்கா – அங்க
காமன் எரிவானா? கட்டின வீடு எரியுமா?"

தப்பு நின்றது. ராமையா மாமா வாயைத் திறந்தார், மூடினார். அவர் பாடு திண்டாட்டம். காமன் எரிவான் என்றால் வீடும் சேர்ந்து எரியும். எரியமாட்டான் என்றால் அவருடைய எரிந்த கட்சியே போச்சு. அப்படி ஒரு மடக்கு அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ராமையா மாமா தப்பைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆடு மேய இடம் தப்பியதே என்ற சந்தோஷம் கொஞ்சமும் இல்லை, நிஜமாகவே அழுதார்.

தலைவர் உற்சாகத்தில் தன்னை மறந்து எழுந்தார். "எரியாத கட்சி ஜெயிச்சிச்சுங்கிறவங்க கை தூக்குங்க!"

திடல் முழுவதும் கை. நானும் தூக்கினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். முன்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கினேன். துரை எழுந்து நின்று எண்ணினார். நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். தொப்பியைக் கழற்றி அப்பாவுக்குத் தலை குனிந்தார்.

பெரிய கிளாக்கர் சொன்னார்: "ஒங்க தீர்ப்ப தொரை ஏத்துக்கிறாராம். திடல் ஒங்களுக்கே. வீடெல்லாம் கீழ் டிவிசனுக்கு."

ஜெயித்ததற்குப் போட்ட மாலையோடு நின்ற அப்பா கேட்டார்: "என்னாங்கய்யா தீர்ப்பு? நாங்க பாட்டுல்ல படிச்சோம்?"

5

மறுநாள் அப்பாவும் தலைவரும் துரை பங்களாவுக்குப் போனார்கள். "தொரை, நா சொன்னது கட்சிங்க, என் கருத்து இல்லைங்க" என்று அப்பா சொன்னாராம். துரை நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அவர் பாடியதையெல்லாம் கிளாக்கர் சொன்னபடி வரிசையாக வாசித்துக் காட்டினாராம். தான் நம்பாத ஒன்றை ஒரு மனிதன் இவ்வளவு ஆழமாக எப்படிப் பாடமுடியும் என்று அவருக்குப் புரியவே இல்லை. அதற்குள் கீழ் டிவிசனில் கடைக்கால் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

நாலாம் நாள் அம்மா சோற்றை ஒரு கோப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு திடலுக்குப் போய், நடுவில் வைத்துவிட்டு வந்தாள். "அங்க போயி சாப்புடுங்க. அங்கதான் நல்லாக் காத்து வருது." அப்பா நிஜமாகவே போய்ச் சாப்பிட்டார். ராமையா மாமாவின் ஆடுகள் சுற்றி நின்று பார்த்தன.

அன்று சாயங்காலம் அடுப்பை ஊதிக்கொண்டே, பன்னிரண்டு அறைக்கும் கேட்கிற மாதிரி அம்மா சொன்னாள்:

"காமன் வருசத்துல பதினஞ்சு நாளு நிக்கிறான். நாங்க வருசம் முச்சூடும் பொகையில நிக்கிறோம். இதுக்குப் பதில் படிங்க பாப்போம்!"

ராமையா மாமா தன் அறையிலிருந்து ஓடி வந்து, "அய்யோ தங்கச்சி, இத நீ அன்னைக்கே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பெண்கள் திடலில் பாடுவது வழக்கமில்லை. சொல்லித்தரலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப்பிறகு, அன்று யார் யார் கை தூக்கினார்கள் என்று அம்மா வருடக்கணக்கில் பெயர் சொல்லித் திட்டுவாள். என் பெயரும் அதில் உண்டு. நான் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்து, அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்து, கடவுச்சீட்டு வாங்கிக் கப்பல் ஏறும் வரைக்கும் உண்டு.

6

இங்கே கூட்டம் சனிக்கிழமை பகலில், தேவாலய மண்டபத்தில். ரதியையும் கூட்டிப் போனேன். அப்பாதான் கடிதத்தில் அவளுக்கு ரதி என்று பெயர் வைக்கச் சொன்னார். அவள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். தேநீரில் சீனி போடுவது நாகரிகம் இல்லை என்கிறாள், தேயிலைத் தோட்டத்துக்காரி பெற்ற பிள்ளை.

எதிர்ப்புக்குப் பேச எழுந்தவர் இறைச்சிக்கடைக்காரர், கிரிக்கெட் அணியின் தலைவர். என்ன பேச்சு! அவருடைய தாத்தா அந்தத் திடலில் அடித்த ஓட்டங்களைச் சொன்னார். கண் கலங்கினார். பிறகு குரலை உயர்த்தி, "நான் சிக்ஸர் அடித்தால் பந்து யார் வீட்டு ஜன்னலில் போய் விழும்? பந்தைத் திருப்பிக் கேட்கப் போனால் எனக்குத் தேநீர் தருவார்களா, கண்ணாடிக் கணக்குத் தருவார்களா?" என்றார். மண்டபம் குலுங்கியது. நானும் கைதட்டினேன். ரதி என் காதில், "நம்ம ஃபீல்டும்மா, அத குடுக்கக் கூடாது" என்றாள். அவள் தமிழில் பேசி நான்கு நாள் ஆகியிருந்தது. பேசியதும் எரியாத கட்சி. ரத்தம் எங்கே போகும்?

கிராம சபைத் தலைவர் எழுந்தார். "ஆகவே, கை தூக்குங்கள்" என்றார். பாதி மண்டபம் சிரிப்பு அடங்காமலே கையைத் தூக்க ஆரம்பித்தது.

என் கணவர் சொன்னது ஞாபகம் இருந்தும் நான் எழுந்துவிட்டேன். இங்கிலீஷ் எப்போதும் இந்த மாதிரி நேரத்தில்தான் என்னை விட்டு ஓடும். "ஐயா, ஒரு சந்தேகம். இப்போது கை தூக்குவது இவர் பேச்சு நன்றாக இருந்ததற்கா, இல்லை வீடு வேண்டாம் என்பதற்கா? பேச்சுக்கு என்றால் நான் இரண்டு கையும் தூக்குகிறேன்."

சிரித்தார்கள். ஆனால் சில கைகள் இறங்கின. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது நியாயமான கேள்வி" என்றார்.

அம்மாவின் பாட்டு தானாக வந்தது. "நீங்கள் கோடையில் சனிக்கிழமை மட்டும் விளையாடுகிறீர்கள். நாங்கள் ஏழு நாளும் சமைக்கிறோம். எனக்கு முக்கால் மணி நேரந்தான் அடுப்பு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

இறைச்சிக்கடைக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். ராமையா மாமாவின் முகம். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

புதிதாக எண்ணினார்கள். வீடு வேண்டும் என்பதற்கு ஒன்பது கை அதிகம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, ஜன்னலைத் திறக்கும் வீட்டுக்காரிகள் இருவரும்கூட வேண்டும் என்றுதான் தூக்கினார்கள். நான் தொலைந்தால் போதும் என்றும் இருக்கலாம். எனக்கு அது போதும்.

7

இதையெல்லாம் ஊருக்கு எழுதினேன். நேற்றுப் பதில் வந்தது. தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் எழுத, அப்பா சொன்னது இரண்டு பக்கம். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த இறைச்சிக்கடைக்காரர் எப்படிப் பேசினார், குரல் எப்படி, கூட்டம் எந்த இடத்தில் சிரித்தது என்று வரிசையாகக் கேள்வி. கடைசியில், "உங்கம்மா பாட்டுக்கு அவர் பதில் கண்டுபிடித்தால் உடனே எழுதவும். நானும் பதினைந்து வருஷமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை" என்று முடித்திருந்தார்.

அதற்குக் கீழே நாலு வரி, வேறு கையெழுத்து. பக்கத்து அறைப் பெண்ணைப் பிடித்து எழுத வைத்திருக்கிறாள் அம்மா.

"ஒங்கப்பா வெளிய போயிருக்காரு, அதான் இப்ப சொல்றேன். அன்னைக்கு நானுந்தான் கை தூக்கினேன். அம்புட்டு நல்லாப் படிச்சாரு, என்னா செய்யிறது. அவருகிட்ட சொல்லிறாத. ஒனக்கு வர்ற வீட்டுல அடுப்படி தனியா இருக்குதா? பொக வெளிய போகுமா?"

கந்தோரிலிருந்து வீட்டின் வரைபடம் வந்திருக்கிறது. எங்களுக்கு ஏழாம் எண். பின்பக்கத்தில் ஒரு சதுரம். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு பதில் எழுத உட்கார்ந்தேன். வெகுநேரமாக ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன்.

"இருக்குதும்மா, கதவோட."